மன்ஹோ கோச் ஆன கதை

எங்கள் கோச் மன்ஹோ என்னைவிட நான்கு வயது இளையவன். கம்பெனி ரக்பி அணியில் சேர்ந்த முதல் வருடம் என் பூட்ஸைக் கழுவியவன். பிறகு பன்னிரண்டு வருடம் ஸ்க்ரமில் என் தோள்மேல் கைபோட்டு நின்றவன். எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தலையைக் கோத்துக்கொண்டு முட்டித் தள்ளுகிற அந்த இடத்தில் அவன் நடுவில், நான் அவனுக்கு இடப்பக்கம். நாட்டுக்காக முப்பது ஆட்டம் ஆடினான். கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனி ஆடக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது என் முன்னால்தான் அழுதான். கம்பெனியின் கிடங்கு அலுவலகத்தில் அவனுக்கு ஏசி அறையில் மேசை தயாராக இருந்தது. அதை வேண்டாமென்று சொல்லிவிட்டுக் கோச் ஆனான்.

ஆனவன் ஒழுங்காக ஆனானா? மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி. மூன்றிலும் ஓட்டை என் பக்கம். எனக்கு முப்பத்தெட்டு வயது, இரண்டு முட்டியும் போய்விட்டன. எதிரணிப் பையன்கள் என்னைத் திறந்த கதவைத் தள்ளுவதுபோலத் தள்ளிக்கொண்டு போனார்கள். பெஞ்சில் ஹாராம் என்று இருபத்து மூன்று வயது எருமை ஒன்று சும்மா உட்கார்ந்திருந்தது. ஆனாலும் பட்டியலில் முதல் பெயர் சாங்தே, அதாவது நான்.

வீடியோ போட்டுத் தவறுகளைக் காட்டும்போது, நான் சரிகிற இடம் வந்தால் மன்ஹோ படத்தை வேகமாக ஓட்டிவிடுவான். மற்றவர்கள் கூரையைப் பார்ப்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரியும். மரியாதை கொடுத்தே என்னைக் கொன்றுகொண்டிருந்தான்.

நான்காவது ஆட்டமும் போனால் வேறு கோச்சைப் பார்ப்போம், மன்ஹோ மேசைக்கே திரும்பட்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

"முட்டி வலின்னு சொல்லி நீங்களே ஒதுங்கிக்கலாம்ல?" என்றாள் என் மனைவி. "அந்தப் புள்ள வாயத் தொறந்து சொல்லவா போகுது?"

ஒதுங்கலாம். எனக்கு ஆசை விடவில்லை, அது ஒன்று. இன்னொன்று, நானாக ஒதுங்கினால் அடுத்த வருடம் வேறொரு மூத்தவன் முன்னாலும் இவன் இப்படித்தான் நெளிவான். கடைசிவரை எல்லோருக்கும் தம்பிதான், கோச் ஆகவே மாட்டான். அவன் வாயால் வரட்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் வழக்கம்போல அணி முழுக்கப் பொதுக் குளியல் கூடத்துக்குப் போனோம். வெந்நீர்த் தொட்டியில் ஊறிவிட்டுச் சின்ன முக்காலியில் உட்கார்ந்தேன். மன்ஹோ தேய்க்கிற பச்சைத் துணியைக் கையில் மாட்டிக்கொண்டு பின்னால் வந்தான். மூத்தவன் முதுகை இளையவன் தேய்ப்பது எங்கள் வழக்கம். கோச் ஆன பிறகும் அவன் அதை விடவில்லை.

தேய்த்தான். அழுக்கெல்லாம் போயிற்று. மேலும் தேய்த்தான், ஒரே இடத்தில்.

"அண்ணே, நாளைக்கு..."

"என்ன நாளைக்கு?"

"நாளைக்கு மழ வரும்போல."

"மழயச் சொல்றதுக்காடா தோல உரிக்கிற?"

தொட்டியில் இருந்த ஹாராம் மூக்குவரை தண்ணீருக்குள் இறங்கிவிட்டான்.

மறுபடி தேய்ப்பு. பிறகு மெல்ல, "நாளைக்கு ஹாராம் எறங்கட்டும்ணே" என்றான்.

"எம் முதுகுகிட்ட என்ன பேச்சு? முன்னால வந்து மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

வந்தான். உடம்பில் பொட்டுத் துணியில்லை, கையில் மாட்டியிருந்ததைத் தவிர. கண்கள் சிவந்திருந்தன. "நாளைக்கு ஹாராம்தான் எறங்குறான். நீங்க பெஞ்சு. மூணு ஆட்டமும் உங்க பக்கத்துலதான் தோத்தோம்."

வலித்தது. பொய் சொல்ல மாட்டேன். என் முகம் யாருக்கும் தெரியக்கூடாதென்று ஒரு குவளைத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன்.

"சரி. பாதி முதுகு அப்படியே கெடக்கு, அதையும் முடி" என்றேன்.

மறுநாள் இஞ்சியோன் மைதானத்தில் நல்ல வெயில். கூட்டம் என்றால் எங்கள் வீட்டு ஆட்களும் எதிரணி வீட்டு ஆட்களும்தான். ஹாராம் தள்ளினான் பாருங்கள், எருமை என்று சும்மா சொல்லவில்லை. கடைசி ஐந்து நிமிடம் இருந்தது. நாங்கள் இரண்டே புள்ளி முன்னால், எங்கள் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே எதிரணிக்கு ஒரு ஸ்க்ரம் கிடைத்துவிட்டது. ஹாராம் முகம் வெளுத்து, இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினான். எனக்குப் பொறுக்கவில்லை. மேலங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு மன்ஹோவின் பக்கத்தில் போய் நின்றேன். அவன் ஒரு பார்வை பார்த்தால் போதும், இறங்கிவிடுவேன்.

அவன் மைதானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒக்காருங்க" என்றான்.

அதில் கெஞ்சல் இல்லை. 'அண்ணே' இல்லை. நான் போய் உட்கார்ந்தேன்.

ஸ்க்ரம் முட்டியது. யாரும் நகரவில்லை. பிறகு எதிரணியின் முன்வரிசை ஓரடி பின்னால் போனது, இன்னோரடி, அப்புறம் மொத்தமாக உடைந்து சிதறியது. பந்து எங்களுக்கு வந்துவிட்டது. நான் போட்ட கூச்சலில் தொண்டை கட்டிக்கொண்டது. பெஞ்சில் உட்கார்ந்து இவ்வளவு சந்தோஷப்பட்ட முட்டாள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்த இரண்டு புள்ளியிலேயே ஜெயித்தோம். கடைசி விசில் ஊதியதும் மன்ஹோ நேராக என்னிடம் ஓடி வந்தான். மேலாளர் கைநீட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை.

"கோவமாண்ணே?"

"அங்க பசங்க காத்துக்கெடக்குறாங்க, இங்க என்ன கொஞ்சல்?" என்றேன். "போங்க, கோச்."