தொடக்கூடாத குதிரைகள்

லாடக்காரர் என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிட்டார்கள். லாடமே இல்லாமல் வெறுங்குளம்போடு திரியும் குதிரைகளுக்குக் காவலாக வந்த பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை.

அதற்கு முன் டவுனில், குதிரையேற்றப் பள்ளியின் லாயத்தில் அவருக்கு வேலை. குனிந்து, குதிரையின் காலைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, குளம்பைச் சீவி, சுட்ட லாடத்தை வைத்து அளவு பார்ப்பார். முடி கருகுவது போல ஒரு புகை எழும். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அவருக்கு அந்த வாடையில் பசியெடுக்கும். காலைத் தூக்கிக் கொடுத்த குதிரை கொஞ்ச நேரத்தில் சலித்துப்போய்த் தன் பாரத்தை மெல்ல அவர் முதுகில் சாய்க்கும். "நீ என் மேல சாஞ்சா நான் யார் மேலடி சாயறது?" என்று திட்டிக்கொண்டே தாங்குவார்.

அவர் மனைவி சாயப்பட்டறையில் வேலை பார்த்தாள். தொட்டிகளிலிருந்து கிளம்பும் ஆவி நெஞ்சில் இறங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. படுக்க முடியாமல் தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். மருந்து எழுதிக் கொடுத்த டாக்டர், "முதல்ல இந்தக் காத்தை விட்டு வெளிய போங்க" என்றார். அந்தச் சமயத்தில்தான், காட்டுக்குதிரைகளைப் பாதுகாக்கும் ஒரு அறக்கட்டளை, புல்வெளியோரம் இருந்த வீட்டில் குடியிருந்து அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு தம்பதியைத் தேடியது. மனைவிக்குக் காற்று, தனக்குக் குதிரை என்று லாடக்காரர் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார்.

வேலையில் சேர்ந்த அன்று அறக்கட்டளை அம்மாள் விதிகளைச் சொன்னாள். தொடக்கூடாது. தீனி வைக்கக்கூடாது. பேர் வைத்துக் கூப்பிடக்கூடாது. மனுஷ வாசனை பழகிவிட்டால் அவை ரோட்டுக்கு வரும், வண்டியில் அடிபடும்.

"அப்ப பாத்துக்கறதுன்னா என்னங்க?" என்று கேட்டார் லாடக்காரர்.

"பாத்துக்கறதுன்னா பாத்துக்கறதுதான். கண்ணால."

அறுந்து கிடக்கும் முள்கம்பிகளைச் சுருட்டி எடுப்பது, குட்டையில் வந்து விழும் குப்பையை வாருவது, நோய்ப்பட்டது ஏதாவது தெரிந்தால் போன் செய்வது. அவ்வளவுதான் வேலை.

மனைவியோ அங்கே பச்சைப்பசேல் என்று துளிர்த்துவிட்டாள். வீட்டின் பின்புறத்தைக் கொத்திப் புதினா, கற்பூரவள்ளி, சோம்பு, சீமைச் சாமந்தி என்று போட்டாள். வளர்பிறையில் விதைப்பாள், தேய்பிறையில்தான் வேர் தோண்டுவாள். பனி காய்ந்த பிறகு இலை பறித்து, நிழலில் உலர்த்தி, துணிப்பைகளில் கட்டுவாள். வாரம் ஒருமுறை குடிதண்ணீர் கொண்டுவரும் லாரியை ஓட்டுவது அவள் தம்பிதான். பைகளை அவன் டவுனில் விற்றுக் கொடுப்பான்.

"நிலா என்ன உனக்கு மேஸ்திரியா? அது சொன்னாத்தான் மண்வெட்டியைத் தொடுவியா?" என்று லாடக்காரர் கிண்டல் செய்வார்.

"மேஸ்திரி கத்துவாரு. இது கத்தாது."

ஒருநாள் அவளே சொன்னாள். "நிலாவாலதான் செடி வளருதான்னு எனக்குத் தெரியாதுங்க. பட்டறையில பகலும் ராத்திரியும் ஒண்ணாவே கெடந்துச்சு. இப்பத்தான் நாளுன்னு ஒண்ணு நடக்கறது தெரியுது. இதைப் பிடிச்சுக்கிட்டு நடந்தா மூச்சும் கூடவே வருது."

அதற்குப் பிறகு அவர் கிண்டல் செய்யவில்லை. அவள் மல்லாந்து படுத்துத் தூங்குவதைப் பார்ப்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. ஆனால் கைகளுக்குப் போதவில்லை.

காலையில் குதிரைக் கூட்டம் குட்டைக்கு வரும். செம்பழுப்பில் ஒன்பதோ பத்தோ, வயிறு சரிந்த ஒரு சாம்பல் நிறக் கிழவி, எல்லாரையும் முறைக்கும் ஒரு கறுப்பு ஆண்குதிரை. அவர் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பார். கறுப்பனின் முன்னங்குளம்பு ஓரத்தில் பிளந்திருப்பது அங்கிருந்தே தெரியும். அரத்தால் நான்கு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும். தன்னை அறியாமல் விரல்கள் மடங்கி, இல்லாத ஒரு காலைப் பிடித்துக்கொள்ளும்.

"முன்னாடி போனா கடிக்கும், பின்னாடி போனா உதைக்கும்னு சொல்லுவாங்க மாமா. இதுங்க ரெண்டு வேலையும் செய்யாது, கிட்டயே வராது" என்று சிரிப்பான் மச்சினன்.

"கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலைன்னா பரவாயில்லை மாப்ள. எனக்குக் கண்ணுக்கு எட்டினது கைக்கே எட்டலை" என்பார் இவர்.

ஒருமுறை எண்ணெய் வாங்க வேண்டும் என்று லாரியில் டவுனுக்குப் போனவர், லாயத்தின் வாசலில் வெகுநேரம் நின்றார். உள்ளே புது ஆள் சுத்தியல் தட்டும் சத்தம் கேட்டது. நல்ல தட்டு; தாளம் பிசகவில்லை. உள்ளே போகாமல் திரும்பிவிட்டார். வீட்டில் அவர் சட்டையைத் துவைக்க எடுத்த மனைவி அதை ஒருதரம் முகர்ந்து பார்த்தாள். பிறகு வாளித் தண்ணீரில் முக்கினாள்.

அந்தக் கோடையில் குட்டை வற்றிச் சேறானது. ஒரு காலை, தண்ணீர் லாரி வந்து நின்ற நேரத்தில், புல்வெளியிலிருந்து ஒரு குதிரை இடைவிடாமல் கனைத்தது. மூவரும் ஓடிப் பார்த்தார்கள். பிறந்து சில நாட்களே ஆன குட்டி ஒன்று சேற்றில் வயிறு வரை புதைந்திருந்தது. தாய்க்குதிரை கரையில் முன்னும் பின்னும் அலைந்தது.

மனைவி அறக்கட்டளைக்குப் போன் செய்தாள். வண்டி வர சாயங்காலம் ஆகும், முடிந்தால் தூக்கிவிடுங்கள், ஆனால் அதிகம் தொடாதீர்கள் என்றார்கள்.

"தொடாம எப்படித் தூக்கறதாம்? மந்திரத்தாலயா?" என்று மச்சினன் கத்தினான்.

லாடக்காரர் வீட்டை ஒட்டியிருந்த கொட்டகையின் கதவைக் கழற்றிச் சேற்றின் மேல் போட்டார். அவள் வெறும் சாக்குகளைக் கொண்டுவந்து விரித்தாள். குப்புறப் படுத்து நகர்ந்துபோய்க் குட்டியை எட்டினார். கயிற்றை அதன் மார்பைச் சுற்றிக் கட்டிவிட்டு, சேற்றுக்குள் கையை விட்டு ஒவ்வொரு காலாகத் தோண்டி எடுத்தார். நான்கு குளம்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக அவர் உள்ளங்கைக்குள் வந்தன. இன்னும் கெட்டிப்படாத, ஈர ரப்பர் போன்ற குளம்புகள். குட்டியின் இதயம் அவர் கன்னத்தில் படபடவென்று அடித்தது.

"இழு மாப்ள! மெதுவா!"

கரைக்கு வந்த குட்டி நடுங்கியது. காய்ந்த புல்லால் அவர் அதைத் தேய்த்துவிட, அது எழுந்து நின்று, அவர் அக்குளுக்குள் மூக்கை நுழைத்து, சட்டைத் துணியைச் சப்ப ஆரம்பித்தது. லாடக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் முகம் எப்படியோ ஆனதை மனைவி பார்த்தாள்.

இந்தக் களேபரத்தில் கூட்டம் மேட்டுக்கு அப்பால் ஓடிவிட்டிருந்தது. தாயையும் காணவில்லை.

"போச்சு, இனி அது வராது. கொட்டகையில கட்டுங்க மாமா, நான் போய்ப் பால் புட்டி வாங்கிட்டு வரேன்" என்றான் மச்சினன்.

லாடக்காரர் மனைவியைப் பார்த்தார். சரி என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பது போல இருந்தது அந்தப் பார்வை. அவள் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். "நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

அவர் எழுந்தார். மனுஷ வாசனை மறையட்டும் என்று, அருகே கிடந்த குதிரைச் சாணத்தை அள்ளி, தன் கை பட்ட இடமெல்லாம் குட்டிக்குப் பூசினார். வீட்டை நோக்கி நடந்தார். குட்டி தள்ளாடிக்கொண்டு, திறந்து கிடந்த வேலிப் படலைத் தாண்டிப் பின்னாலேயே வந்தது. கையைத் தட்டினார், நின்றது. நடந்தார், மறுபடி வந்தது.

"போடி! உங்கம்மாகிட்ட போ! இங்க என்ன இருக்கு? போ!" என்று கையை வீசி விரட்டினார்.

மூவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வாசற்படியில் சின்னக் குளம்புகள் டொக் டொக்கென்றன. கதவுக்குக் கீழே குட்டி உஷ்ணமாக மூச்சு விட்டது. அவர் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். சேறு காய்ந்து கைகளில் வெடித்தது. கழுவவில்லை.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அன்னைக்கு லாயத்துக்குப் போனீங்கல்ல?"

"வாசல்ல நின்னேன்."

"சட்டையில புகை வாசம் இருந்துச்சு. நாம வேணா டவுனுக்கே திரும்பிடலாம்."

"உன் மூச்சு?"

"பட்டறைக்குப் போக மாட்டேன். எப்படியாவது சமாளிச்சுக்கலாம். எனக்காக நீங்க இப்படிக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறதை எத்தனை காலம் பாக்கறது?"

அவர் சேறு படிந்த தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். பிறகு, "நீ மல்லாந்து படுத்துத் தூங்கறியே, அது எனக்கு வேணும்மா" என்றார். "இதுவும் வேணும். ரெண்டும் வேணும்னா எங்க போறது, சொல்லு."

வெயில் சாய்ந்த நேரத்தில் மச்சினன் ஜன்னலிலிருந்து கையசைத்தான். மேட்டின் மேல் தாய்க்குதிரை நின்றது. ஒரு கனைப்பு. குட்டி காதுகளை நிமிர்த்தியது. கதவைப் பார்த்தது, மேட்டைப் பார்த்தது. இரண்டாவது கனைப்புக்கு ஓடியது. தாய் அதைத் தலையிலிருந்து வால் வரை முகர்ந்தது. முகர்ந்து முடிக்க எடுத்துக்கொண்ட நேரம் முழுக்க லாடக்காரர் மூச்சே விடவில்லை. பிறகு குட்டி மடியில் முட்டிக் குடிப்பது தெரிந்தது.

அடுத்த மாதத்திலிருந்து அவர் அமாவாசைக்கு அமாவாசை டவுன் லாயத்துக்குப் போகிறார். அன்றைக்கு அவள் விதைப்பதில்லை. தோட்டத்தில் அவருக்கு வேலையில்லை. அந்த ஏற்பாட்டைப் புது ஆளிடம் தம்பி மூலம் பேசி முடித்தது அவள்தான். போய் நாள் முழுக்கக் குளம்பு சீவுகிறார். சந்தோஷமாகத்தான் இருக்கிறார். ஆனால் நடுவில் எப்போதாவது, அரத்தைப் பிடித்தபடி, திறந்த ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுவிடுகிறார். கெட்டியான இந்தக் குளம்புகளுக்கு நடுவே அந்த ஈரக் குளம்பை அவர் கை தேடுகிறது.

மழைக்குப் பிறகு கூட்டம் மறுபடி குட்டைக்கு வந்தது. குட்டி நன்றாக வளர்ந்துவிட்டிருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றவரை அது நிமிர்ந்து பார்த்தது. அவர் கையை அசைக்கவில்லை. அது தலையைத் தாழ்த்திப் புல்லை மேய்ந்தது.

"அடையாளம் தெரிஞ்சுதா அதுக்கு?" என்று பின்னால் வந்து நின்ற மனைவி கேட்டாள்.

"தெரியலை" என்றார். "நல்லா இருக்கு. நாலு காலையும் நேரா ஊனுது." சொல்லிவிட்டு, கூட்டம் மேட்டைத் தாண்டி மறையும் வரை அங்கேயே நின்றார். அவளும் உள்ளே போகாமல் கூட நின்றாள்.