காந்தம் ஒட்டிய கார்

பழைய கார் விற்பவன் சிரித்தால் நான் இரண்டடி தள்ளி நிற்பேன். நானும் மகளும் கேட்டைத் தாண்டும்போதே இவன் சிரித்தான். அவனுக்குச் சிரிப்பு என்றே பெயர் வைத்துவிட்டேன். டீ வரவழைத்தான், நான் தொடவில்லை. அவன் டீயைக் குடித்துவிட்டு அவனிடமே விலையைக் குறைக்கச் சொல்ல வாய் வராது.

கார் எனக்கில்லை, மகளுக்கு. ரொட்டிக் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. விடிவதற்குள் அங்கே நிற்க வேண்டும்; முதல் பஸ் வருவதே அதற்கப்புறம்தான். புருஷன் இல்லாதவள், பள்ளிக்கூடம் போகும் பெண் குழந்தை வேறு. திங்கட்கிழமை போய் நிற்காவிட்டால் அந்த வேலை வேறொருத்திக்கு. அவள் சேர்த்ததையும் என் கையிருப்பையும் கூட்டினால் பழைய கார் ஒன்றுக்குத்தான் காணும், அதுவும் அடித்துப் பேசினால்.

எனக்குப் படிப்பு கிடையாது. பேப்பரை நீட்டினால், இரும்பைக் காட்டு என்பேன். முதலில் பேனட்டில் கை வைப்பேன். சூடாக இருந்தால் நமக்கு முன்னாலேயே ஸ்டார்ட் செய்து பார்த்திருக்கிறான். காலையில் மக்கர் பண்ணும் வண்டி. அப்புறம் காந்தம். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது, எப்போதும் சட்டைப் பையில் கிடக்கும். தகரம் நசுங்கிப் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்த இடத்தில் அது ஒட்டாது, நழுவி விழும்.

வரிசையில் நின்ற எல்லா வண்டியிலும் எங்காவது ஓரிடத்தில் விழுந்தது. கடைசியில் ஒரு சாம்பல் நிறக் கார். பேனட் ஜில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. கதவு, கூரை, டிக்கி எல்லா இடத்திலும் காந்தம் பச்சக்கென்று ஒட்டியது. நம்பாமல் இன்னொரு சுற்று வந்தேன். ஒரு வியாபாரியிடம் குறை கண்டுபிடிக்க முடியாமல் நான் முழித்தது அன்றைக்குத்தான். மகள் ஏற்கெனவே ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

என் மகன் பாடி ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் வேலை பார்க்கிறான். பணம் கொடுக்குமுன் அவனும் ஒரு பார்வை பார்க்கட்டும் என்று வரச் சொல்லியிருந்தேன். வந்தவன் கேட்டிலேயே நின்றுவிட்டான். அப்புறம் மெதுவாக வந்து பின்கதவைத் திறந்து, முன்சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவினான். நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"வேண்டாம்பா. கிளம்பலாம்."

ஏன் என்று கேட்டேன். சிரிப்பைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். சொந்தமாக ஷெட் போட இதே பணத்தை என்னிடம் கேட்டு நச்சரித்தவன் இவன். நான் கொடுக்கவில்லை.

"உன் தங்கச்சி கார்ல போனா உனக்கு எங்கடா எரியுது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

வேறு நாளாக இருந்தால் பதிலுக்குக் குதித்திருப்பான். அன்றைக்குக் காதிலேயே வாங்கவில்லை. தங்கையிடம் இறங்கச் சொன்னான். அவள் ஸ்டியரிங்கை விடவில்லை. "எதுக்குன்னு சொல்லுண்ணா, இறங்கறேன்" என்றாள்.

அவன் அவள் சீட்டுக்கு அடியில் விரித்திருந்த துணியைப் பிய்த்துத் தூக்கினான். இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரைக்கும் விரல் தடிமனுக்கு ஒரு கோடு. மேலே தார் பூசியிருந்தது.

"அப்பா, இது ஒரு வண்டி இல்ல. ரெண்டு."

ஒரே ரகம், ஒரே நிறம். ஒன்று முன்னால் நொறுங்கியது, இன்னொன்று பின்னால் நொறுங்கியது. இரண்டையும் நடுவில் அறுத்து, நல்ல பாதியோடு நல்ல பாதியைச் சேர்த்திருக்கிறார்கள். எல்லாம் அசல் தகரம். காந்தம் ஒட்டாமல் என்ன செய்யும்? வேகமாகப் போய் எதிலாவது இடித்தால் அந்தக் கோட்டில் பிளந்துகொள்ளுமாம். மகள் இன்னும் இறங்கவில்லை. அவள் கால் ஒரு வண்டியில் இருந்தது, முதுகு இன்னொரு வண்டியில்.

அவள் கையைப் பிடித்து இறக்கினேன். "எந்தப் பாவிடா இதை ஒட்டினது?"

"நான்தான்பா."

ஷூட்டிங்கில் மலையிலிருந்து உருட்டிவிடும் கார், ரோட்டுக்கே போகாது என்று முதலாளி சொன்னாராம். பார்வைக்குச் சேர்ந்திருந்தால் போதும் என்று மேலோடு மேலாகப் பற்றவைத்திருக்கிறான். நான் காரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதைப் பிடித்திருக்கிறேன் என்று தெரிந்ததும் கையை எடுத்துவிட்டேன்.

சிரிப்புக்குச் சிரிப்பு போகவில்லை. வண்டி இத்தனை நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, வேண்டுமானால் பாதி விலைக்குத் தருகிறேன் என்றான்.

இருவரையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அதே நேரம் ஒருத்தன் பெண்டாட்டி பிள்ளையோடு உள்ளே போனான். திரும்பிப் பார்த்தால், அந்தப் பெண் சாம்பல் நிறக் காரின் பின்சீட்டில் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டிருந்தாள்.

"நமக்கெதுக்குடா, வா" என்றேன். வாயைத் திறந்தால் அவன் வேலை போய்விடும். வீடு ஓடுவது அவன் சம்பளத்தில்.

என் கையை உதறிவிட்டுப் போனான். என்ன சொன்னான் என்று காதில் விழவில்லை. குனிந்து துணியைத் தூக்கிக் காட்டியதையும், தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டியதையும் பார்த்தேன். அந்தப் பெண் பிள்ளையைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். சிரிப்பு அப்போதுதான் சிரிப்பை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தான்.

நாங்கள் பஸ் ஸ்டாப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் மகனுடைய போன் அடிக்க ஆரம்பித்தது. முதலாளி. அவன் எடுக்கவில்லை. ரொட்டிக் கம்பெனியில் வேலை நேரத்தைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள் மகள், அண்ணன் முகத்தைப் பார்க்காமல். தள்ளி வைக்க மாட்டார்கள் என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

அவன் எங்களைக் கவனிக்கவே இல்லை. ரோட்டில் போகிற ஒவ்வொரு காரையும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னடா தேடுகிறாய் என்று கேட்டேன்.

"ஷூட்டிங்குக்குன்னு இன்னும் ரெண்டு ஒட்டினேன்பா."

எங்கள் பஸ் வந்து நின்றது. யாரும் ஏறவில்லை.