அகழியில் விழுந்த அட்டை

ஒன்பது ஒல்லாந்துக்காரர்களை ஏற்றிக்கொண்டு அந்த வேன் சிகிரியாக் குன்றுக் கோட்டைக்குப் போனது 1996 ஆகஸ்டில். குண்டுவெடிப்புச் செய்திகளால் வெள்ளைக்காரர் வரத்து குறைந்துபோன வருடம். வழிகாட்டி பதுர்தீனுக்கும் சாரதி தர்மராஜாவுக்கும் இரண்டு மாதத்தில் கிடைத்த முதல் பயணம் அது. இருவரும் மாத்தளையில் குடியிருப்பவர்கள், பத்து வருடமாகச் சேர்ந்தே ஓடுபவர்கள். மூத்தவனான பதுர்தீனைத் தர்மராஜா அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவான்.

குன்றில் ஏறி இறங்கும்வரை ஒரு குறையும் இல்லை. குளவிக்கூடுகளுக்குக் கீழே சத்தம் கூடாது என்றதும், வந்தவர்கள் வாயில் விரலை வைத்துக்கொண்டு ஏறினார்கள். இறங்கி வந்து வேனில் உட்கார்ந்த பிறகு, ஆன்யா என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை குரங்குக்குட்டிக்கு வாழைப்பழம் கொடுக்க ஜன்னலைத் திறந்தாள்.

பெரிய கடுவன் குரங்கு ஒன்று அவள் தோளுக்கு மேலாக உள்ளே பாய்ந்தது. பழத்தை விட்டுவிட்டு, ஸ்டியரிங்குக்கு முன்னால் கிடந்த பொலித்தீன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. பொலித்தீன் என்றாலே தின்பண்டம் என்பது அங்குள்ள குரங்குகளின் எண்ணம். பைக்குள் இருந்ததோ தர்மராஜாவின் அடையாள அட்டை. அது இல்லாத தமிழனை எந்தச் சோதனைச்சாவடியும் தாண்டவிடாது.

அகழிக்கரை மருதமரத்தில் உட்கார்ந்து குரங்கு பையைக் கிழித்தது. அட்டையைக் கடித்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டது. எல்லோரும் சிரித்துச் சிரித்துப் படம் எடுத்தார்கள். அட்டை தாமரை இலைகளுக்கு நடுவே விழுந்து மறைந்தது.

தர்மராஜா காற்சட்டையை மடித்துக்கொண்டு நீரில் கால் வைத்தான். முதலை இருப்பதாக அங்கே பலகை நட்டிருந்தது. காவலாளியும் பதுர்தீனும் அவனை இழுத்துப் பிடித்தார்கள்.

"விடுங்க நானா! முதலை கடிச்சா ஆஸ்பத்திரி இருக்கு. அது இல்லாம நான் எங்க போவேன்?"

கம்பால் அரைமணி நேரம் துழாவியும் கிழிந்த பை மட்டுமே வந்தது.

"பொலிசில ஒரு என்ட்ரி போடுவமா, தர்மா?"

"யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியில பிறந்தவன் போய், ஐடென்டி கார்டைக் குரங்கு தூக்கிட்டுப் போச்சுன்னு சொல்றதா? நீங்களா இருந்தா நம்புவீங்களா?"

பதுர்தீன் பயணிகளை வேனில் ஏற்றினான். அவனுக்குச் சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது. ஆனால் தம்புள்ளை குகைகள் நிகழ்ச்சி நிரலில் இருந்தன. அங்கே படிக்கட்டில் ஓர் உடும்பு குறுக்கிட, அதைச் சுற்றி நின்று இன்னொரு அரைமணி நேரம் படம் எடுத்தார்கள். பதுர்தீன் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, உடும்பு என்ன தின்னும் என்று சிரித்த முகத்தோடு விளக்கிக்கொண்டிருந்தான்.

நாவுலைக்கு முன்னால் சோதனைச்சாவடியில் வேனை மறித்தார்கள். நடந்ததைப் பதுர்தீன் சிங்களத்தில் சொன்னான். சிப்பாய்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு கோப்ரல், தர்மராஜா எங்கே பிறந்தவன் என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. இறங்கச் சொன்னார்.

பத்து வருடமாகத் தெரிந்த ஆள் என்று பதுர்தீன் கெஞ்சினான். ஆன்யா இறங்கி ஓடிவந்து, "இதற்குள் இருக்கிறது, எல்லாம் இதற்குள் இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் அழுதபடி கமராவை நீட்டினாள். கழுவாத பிலிமில் கோப்ரல் எதைப் பார்ப்பார்? கமராவை மெதுவாக ஒதுக்கிவிட்டு, வெளிநாட்டவரைக் கூட்டிக்கொண்டு போகுமாறு பதுர்தீனிடம் சொன்னார்.

தர்மராஜா சாவியைக் கொடுத்தான். "தங்கேஸ்வரிகிட்ட நேர்ல போய் சொல்லுங்க நானா. போன்ல சொல்லிடாதீங்க."

பதுர்தீனே வேனை ஓட்டினான். மாத்தளைக்கு வந்ததும் தர்மராஜாவின் மனைவியிடம் நேரில் போய்ச் சொன்னான்.

மறுநாள் காலை ஆன்யாவின் பிலிமைக் கழுவி, படத்தோடும் தங்கேஸ்வரியோடும் சாவடிக்குப் போனான். படத்தில் குரங்கும் பையும் தெரிந்தன, அட்டை தெரியவில்லை. தர்மராஜாவை இரவே வேறிடத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

பத்தொன்பதாம் நாள் விட்டார்கள். கேள்விப்பட்டுப் பதுர்தீன் போனபோது தர்மராஜா வாசலில் உட்கார்ந்திருந்தான். வலது கையில் துணி சுற்றியிருந்தது.

"நான் உன்னை விட்டுட்டு வந்திருக்கக் கூடாது, தர்மா."

"வராம? அங்கேயே நின்னிருந்தா உங்களையும் சேர்த்துப் பிடிச்சு வச்சிருப்பாங்க."

 தங்கேஸ்வரி கொண்டுவந்த தேத்தண்ணீரைத் தர்மராஜா இடது கையால் வாங்கினான்.