சம்மதம் வரவில்லை

சட்டவிதிகள் எழுதும் அரசு அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் கமா மேடம். ஒரு கமாவுக்காக ஒரு வாரம் மல்லுக்கட்டுகிறவளை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? ஊரையே தன் செய்தி அனுப்பும் செயலிக்குள் வளைத்துப் போட்டிருந்த பெரிய கம்பெனிக்குக் கடிவாளம் போட விதி எழுதினாள். பிடிக்காதவர் தன் பேச்சு மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு வேறு செயலிக்குப் போகலாம். அங்கிருந்தே பழைய ஆட்களோடு பேசலாம். விட்டுவந்த கணக்கைக் கம்பெனி மிச்சம் வைக்காமல் அழிக்க வேண்டும். கம்பெனி வக்கீல்கள் மூன்று வருடம் தண்ணி காட்டினார்கள். அவளும் விடவில்லை.

அதில் ஒரு பிரிவு முழுக்க அவள் எழுதியது. அடுத்தவர் அனுப்பிய செய்தி அடுத்தவருடையது, அவர் சம்மதித்தால்தான் கூட வரும். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் சம்மதம் இல்லை என்று பொருள்.

விதி அமலான அன்றே அண்ணியின் தையல் கடைக்கு ஓடினாள். அண்ணன் போய் எட்டு மாதம். அண்ணியின் துக்கத்தை எப்படியோ மோப்பம் பிடித்த செயலி, “தனிமையாக இருக்கிறீர்களா?” என்று தினமும் வரன் விளம்பரம் காட்டியது. போனைத் தொடவே அண்ணிக்குக் கூசியது. வெட்டுகிற மேசையில் கிடந்த துணியை ஒதுக்கிவிட்டு, இவளே போனை வாங்கி ‘மாற்று’, ‘பழையதை அழி’ என்று இரண்டையும் அழுத்தினாள். அவர் குரலில் பேசி அனுப்பினதெல்லாம் வந்துவிடுமா என்று அண்ணி கேட்டாள். நானே எழுதின விதி, ஒன்றும் விட்டுப்போகாது என்று இவள் பெருமையடித்துக்கொண்டாள்.

முப்பத்தோராம் நாள் அண்ணி கூப்பிட்டாள். புதுச் செயலியில் அண்ணி கேட்டதெல்லாம் பத்திரமாக இருந்தது. கிளம்பிட்டீங்களா, சாப்பிட்டீங்களா, டாக்டர் என்ன சொன்னார். ஒவ்வொன்றுக்கும் கீழே, அண்ணன் குரல் இருக்கவேண்டிய இடத்தில், ‘சம்மதம் வரவில்லை’ என்று சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம். மேலே தள்ளத் தள்ள, பதினோரு வருடத்துக்கும் அதே கட்டம்.

இவள் உடனே போனை எடுத்தாள். கம்பெனி வக்கீலைக் கூப்பிட்டாள். மூன்று வருடம் அவளோடு சண்டை போட்ட மனிதர், அன்றைக்குப் பார்த்துத் தன்மையாகப் பேசினார். அவள் விதிப்படி ஒன்றுவிடாமல் அழித்தாயிற்று, அண்ணன் கணக்கும் அவர் நம்பர் நின்றதோடு போயிற்று, திரும்ப எடுக்க வழியே இல்லை என்றார். பொய் சொல்கிறார் என்று நம்ப எவ்வளவோ ஆசைப்பட்டாள். முடியவில்லை.

அண்ணி திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பாள். அண்ணி புரியாமல்தான் கேட்டாள்.

“அவர் நம்பருக்கே சம்மதம் கேட்டு அனுப்பியிருக்காங்கம்மா. அவர் இல்லைன்னு உங்க ஆபீஸ்ல யாருக்குமே தெரியாதா?”

“எனக்குத் தெரியும் அண்ணி,” என்றாள்.