பின் நாற்காலிக்குத் தெரிந்தது

1

இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல. மாடியிலிருந்து இறங்கி வந்தது. அதுவும் சண்டைக்கு வருவதுபோல.

"அத்தை, ஒரு கம்ப்யூட்டர் மனுஷியை இப்படியா அழ வைக்கும்?"

"அழுதியா?"

"அழலை. வாய்க்கு வந்தபடி திட்டினேன். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

எனக்குக் கதைகள் இப்படித்தான் வருகின்றன. ஒருவர் பேசுவார், இன்னொருவர் குறுக்கே விழுவார். முகம், உயரம், சட்டையின் நிறம் எல்லாம் பிறகு நானாக எங்கிருந்தாவது கொண்டுவந்து ஒட்டவைப்பவை. இந்த முறை அந்த வேலை மிச்சம் என்று நினைத்தேன். மாடிவீட்டுக்காரிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அவள் கதையில் நிறத்தைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்?

அவளே கேட்டாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "அவளைச் சுற்றி எப்போதும் இருட்டு. அந்த இருட்டுக்குள் ஒரே ஒரு குரல்"

(கைவிட்டேன். அவள் கைவிட வைத்தாள் என்பதுதான் சரி.)

எழுதிய வரைக்கும் அவள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அனுப்பியிருந்தேன். அதிலிருக்கும் குரல் அவளுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டும். அந்த வேகத்தில் எனக்கு ஒரு எழுத்துகூடப் பிடிபடாது. தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோல இருக்கும். அவள் மட்டும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இருட்டுன்னு யாரு சொன்னா உங்களுக்கு?"

"சும்மா, ஒரு இதுக்கு…"

"எனக்கு வெளிச்சமும் தெரியாது, இருட்டும் தெரியாது. இப்ப உங்க முதுகுப் பக்கம் இருட்டாவா இருக்கு? ஒண்ணுமே இல்ல, இல்லையா? அவ்வளவுதான். அடிச்சிடுங்க. அப்புறம், என் புடவை நிறத்தை எங்க காணோம்?"

"அது எதுக்கு உனக்கு?"

"கடைக்காரர்கிட்ட நாலு தடவை கேட்டு வாங்கினது அத்தை. சும்மாவா?"

(கரும்பச்சை. எழுதிவிட்டேன்.)

"அடைப்புக்குறியையும் கொறைச்சுக்கங்க. ஒவ்வொண்ணையும் அது வாய்விட்டுச் சொல்லுது. கதை கேக்கிற மாதிரியா இருக்கு? எவனோ கதவைத் தெறந்து தெறந்து மூடுற மாதிரி இருக்கு."

3

இரண்டாம் தொடக்கம். இது நிலைத்துவிட்டது.

அவள் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். தொலைபேசியில் வரும் புகார்களின் ஒலிப்பதிவைக் கேட்டு, வார்த்தை மாறாமல் தட்டச்சு செய்ய வேண்டும். ஒரு காதில் புகார் சொல்பவர், இன்னொரு காதில் கம்ப்யூட்டரின் குரல். அந்தத் தளத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் விரல் போகிற போக்கைப் பார்க்கவே சிலர் வந்து நிற்பார்கள்.

அப்படியிருக்கையில் எல்லோருக்கும் வேறு வகைக் கம்ப்யூட்டர் வந்தது. பெட்டியும் திரையும் ஒன்றாகிப்போன ஒரே பலகை. மற்றவர்கள் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொண்டார்கள். அவளுக்கு அப்படியில்லை. குரல் வேறு, அழுத்த வேண்டிய விசைகள் வேறு.

"பழசுல ஒரு பக்கம்ங்கிறது ஒரே தெரு மாதிரி அத்தை. மேலேருந்து கீழே நடந்துக்கிட்டே போகலாம். இதுல ஒவ்வொரு வீட்டுக்கும் கதவு. உள்ள போக ஒரு விசை, வெளிய வர இன்னொரு விசை. தப்பா அழுத்தினா யார் வீட்டுச் சமையலறையிலயோ நிக்கிறேன்."

"போகப் போகப் பழகிடும்."

"எனக்கும் தெரியும். எங்க மேலாளர் அம்மாவுக்குத் தெரியணுமே."

மேலாளர் அம்மா நல்ல மாதிரிதான். மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் பழகவில்லை என்றால் வாசல் வரவேற்பு மேசைக்கு மாற்றுகிறேன், சம்பளம் குறையாது என்று சொல்லியிருந்தார்.

"சம்பளம் யாருக்கு வேணும்? வர்றவங்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கிட்டு, பொம்மை மாதிரி."

அவள் என்ன செய்தாள் என்றால், ஒலிப்பதிவுகளைப் பென்டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வீட்டில் பழைய வகைக் கம்ப்யூட்டர்தான். முக்கால்வாசியை அதில் முடித்து, மறுநாள் புதியதில் செய்ததுபோல ஏற்றிவிட்டாள். அலுவலக விதிப்படி இது பெரிய தப்பு. தெரிந்தது ஒரே ஒருவருக்கு: வேறு ஊரில் இருக்கும் அவளுடைய அக்காவுக்கு. சாப்பாட்டு வேளையில் அலுவலகக் கம்ப்யூட்டரிலேயே அக்காவோடு எழுதிப் பேசுவாள். மாட்டிக்கொண்ட இடம், மேலாளர் அம்மாவின் செருப்புச் சத்தம், பின் நாற்காலிக்காரரின் பெருமூச்சு, எதுவும் பாக்கியிருக்காது.

4

அந்தப் பின் நாற்காலிக்காரரைப் பற்றித்தான் எனக்கு இன்றுவரை சந்தேகம்.

புதிய கம்ப்யூட்டர்களுக்கு எல்லோரையும் பழக்கிவிடும் பொறுப்பு அவருடையது. யாருக்குப் பழகிவிட்டது, யாருக்கு இல்லை என்று அந்த வெள்ளிக்கிழமை மேலாளரிடம் சொல்லப்போகிறவரும் அவர்தான். எதற்கெடுத்தாலும் நீளமாக மூச்சு விடுவார். அவள் அவருக்கு வைத்த பெயர் பெருமூச்சு. 'டயர்ல காத்து எறங்குற மாதிரி' என்று அக்காவுக்கு எழுதியிருந்தாள்.

மறுநாளிலிருந்து அவர் பெருமூச்சு விடவில்லை.

உடம்புக்கு ஏதாவதோ என்று பாவப்பட்டாள். அதற்கடுத்த நாள் அக்காவுக்கு எழுதினாள்: 'ஒரு கட்டத்துக்குள்ள மாட்டிக்கிட்டேன், வெளிய வர வழியே தெரியலை.' சாப்பாடு முடிந்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மேடம், கட்டத்துக்குள்ள மாட்டிக்கிட்டா ஷிஃப்டையும் மேல் அம்புக்குறியையும் சேத்து அழுத்துங்க. சும்மா, ஞாபகம் வந்துச்சு. சொன்னேன்."

வெளியே வந்துவிட்டாள். மனுஷனுக்கு என்ன மூளை என்று வியந்தாள். இன்னும் இரண்டு தடவை அப்படி ஞாபகம் வந்தது அவருக்கு. மூன்றாவது தடவை அவள் வியக்கவில்லை; அக்காவுக்கு எழுதியதெல்லாம் இவருக்கு எப்படி ஞாபகம் வருகிறது என்று யோசித்தாள். கையை நீட்டி அந்தப் பலகையின் முன்பக்கத்தைத் தொட்டாள்.

இளஞ்சூடாக இருந்தது.

(இங்கே ஒன்று விளக்க வேண்டும். அவளுடைய பழைய பெட்டிக்குத் திரையே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாருடைய திரையோ பழுதாக, "உங்களுக்கு எதுக்கு மேடம்" என்று அவளுடையதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எழுதுவது தன் காதுக்கு மட்டும் என்று இத்தனை வருஷம் இருந்துவிட்டாள். புதியதில் திரையைக் கழற்ற முடியாது. அது வந்த நாளிலிருந்து ஒளிர்ந்துகொண்டிருந்தது. அவளிடம் யாரும் சொல்லவில்லை.)

"நல்ல மனுஷன்தான் போலிருக்கே," என்றேன் நான்.

"நல்ல மனுஷன்னா மொத நாளே சொல்லியிருக்கணும், ஸ்கிரீன் ஆன்ல இருக்குன்னு."

"சொன்னா உனக்குச் சங்கடமா இருக்கும்னு நெனைச்சிருப்பார்."

"எனக்கா சங்கடம், அவருக்கா?"

இரண்டு பேருக்கும் இருக்கலாம். அதனால்தான் அவரை எப்படி எழுதுவது என்று

(இந்த வாக்கியம் முடியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

5

மூன்று விதமாக முடித்துப் பார்த்தேன்.

ஒன்றில் அவள் மேலாளரிடம் போய் அவர்மேல் புகார் சொல்கிறாள். "சொன்னா பென்டிரைவும் சேந்து வெளிய வரும். நான் என்ன மக்கா?" என்றாள்.

இன்னொன்றில் அவள் ஒன்றும் தெரியாததுபோல இருந்துவிடுகிறாள். அவரும் வெள்ளிக்கிழமை நல்லபடியாகச் சொல்லிவிடுகிறார். "அப்புறம் ஆயுசுக்கும் அவரு போட்ட பிச்சையில உக்காந்து டைப் அடிக்கணும்."

மூன்றாவதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒரு மெல்லிய அன்பு அரும்புவதுபோல…

"அத்தை! அவருக்குப் பொண்டாட்டி இருக்காங்க, ரெண்டு புள்ளைங்க இருக்கு. எனக்கு அந்த மூச்சே ஆகாது."

அடித்துவிட்டேன். நடந்தது இது.

திங்கட்கிழமை மதியம். அக்காவுக்கு எழுதவில்லை. வெறும் பக்கம் ஒன்றைத் திறந்து, எழுத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி, எழுதினாள்:

'சார், முக்கால்வாசி வேலையை நான் வீட்டில் செய்கிறேன். உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை என்ன சொல்லப் போகிறீர்கள்?'

எழுதிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் தட்டச்சுச் சத்தம் நின்றது. நாற்காலிச் சக்கரம் உருண்டது. அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"மேடம்… உங்க ஸ்கிரீன் ஆன்ல இருக்கு."

"அப்படியா சார்? எப்பலேருந்து?"

அவர் விரல் திரையின் ஓரத்தைத் தட்டியது.

"ஆஃப் பண்ணிடட்டுமா?" என்றார்.

"வேணாம். ஆன்லயே இருக்கட்டும். அக்கா விஷயத்தை இனிமே ஃபோன்ல பேசிக்கிறேன். இன்னிக்கிலேருந்து எல்லா வேலையும் இங்கதான். எவ்வளவு வருதோ அவ்வளவு. நீங்க பின்னாடி உக்காந்து நல்லாப் பாருங்க. எனக்குத் தெரிஞ்சு பாருங்க. வெள்ளிக்கிழமை பாத்ததைச் சொல்லுங்க. கூட்டியும் வேணாம், கொறைச்சும் வேணாம்."

"பழைய விஷயம்…"

"அது நீங்க எனக்குத் தெரியாமப் பாத்தது. அதை எங்க வைக்கணும்னு நீங்கதான் யோசிக்கணும்."

6

அந்த நாட்களில் அவர் பார்த்தவை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை பாதி புகார்கள் பாக்கி நின்றன. மறுநாள் ஒரு முழுப் பதிவு எங்கோ காணாமல் போனது. அதைத் தேடிக் கண்டுபிடிக்கவே மாலை ஆகிவிட்டது. புதன்கிழமை ஒரு கட்டத்துக்குள் மாட்டினாள். பின்னால் அவருக்கு வாய் துறுதுறுவென்று இருந்திருக்கும், ஆனால் சொல்லவில்லை. தானே வெளியே வந்தாள். வியாழக்கிழமை தளத்திலேயே மெதுவாக வேலை செய்தவள் அவள்தான். ஆனால் அன்று அவள் முடித்ததில் ஒன்றுகூடத் திருத்தச் சொல்லித் திரும்பி வரவில்லை.

வெள்ளிக்கிழமையும் வந்து போய்விட்டது. அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். இறங்கி வந்து சொன்னாள். நான் எழுதப்போவதில்லை.

"எல்லாத்தையும் எழுதட்டுமாடி?"

"கதையை எழுதுங்க. ஊரே படிக்கட்டும். எனக்குத் தெரிஞ்சு படிச்சா எனக்கென்ன? முடிவை மட்டும் விட்டுடுங்க."

"ஏன்?"

"படிக்கிறவங்களும் இவ்வளவு நேரமா என் பின்னாடி உக்காந்துதானே படிச்சாங்க? அக்காவுக்கு எழுதினது வரைக்கும் படிச்சிட்டாங்க. வாயைத் தெறந்து ஒண்ணு சொல்லட்டுமே."

நியாயம்தான். ஆகவே அந்த நாற்காலி இனி உங்களுடையது. சக்கரம் கொஞ்சம் கிரீச்சிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முன்னால் கரும்பச்சைப் புடவை, திரும்பாத முதுகு, ஒளிரும் திரை. மேலாளர் அம்மாவின் செருப்புச் சத்தம் நெருங்கி வந்து உங்கள் பக்கத்தில் நிற்கிறது. முன்னால் தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நிற்கின்றன.

"நீங்கதானே இவங்களுக்குப் பின்னாடி உக்காந்திருக்கீங்க? சொல்லுங்க. இவங்களுக்கு இது பழகிடுச்சா, இல்லையா?"