மெயினை இறக்கியவள்

1

கரண்ட் போனால் சந்தோஷப்படும் பெண் ஒருத்தி கல்கத்தாவில் இருந்தாள் என்று யாரோ சொன்னார்கள். இந்தக் கதைக்கு அதுதான் விதை. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

1981. கல்கத்தாவின் ஜாதவ்பூரில் ஆராய்ச்சி மாணவி வசுமதி எலி மூளையிலிருந்து மெல்லிய சீவல் ஒன்றை எடுத்து, உப்புநீரில் மிதக்கவிட்டு, பிராணவாயு கொடுத்து...

(இப்படித் தொடங்கினால் பாதிப்பேர் ஓடிவிடுவீர்கள். அதனால் முதல் வரைவில் அவளுக்கு வலிப்பு வரும் தம்பி ஒருவனைக் கொடுத்திருந்தேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். ஒரு பெண் ஆராய்ச்சி செய்ய வீட்டில் யாராவது நோயில் விழுந்தாக வேண்டுமா என்ன?)

3

மூளையில் பக்கத்துச் செல்லைச் ‘சும்மா இரு’ என்று அடக்குகிற செல்கள் உண்டு. பிக்ரோடாக்ஸின் என்ற மருந்தைச் சீவல்மேல் விட்டால் அந்த அதட்டல் எடுபடாது. எல்லாச் செல்களும் ஒன்றுசேர்ந்து வெடிக்கும். உடம்பே இல்லாத வலிப்பு அது. வசுமதி அதன் மின்துடிப்பைப் பதிவுசெய்துவிட்டாள். அவளுடைய கைடு ரங்கராஜன் நம்பவில்லை.

“இது வலிப்பில்லைம்மா. நம்ம ஃபேனும் ட்யூப்லைட்டும் உன் எலி மூளையில வந்து உக்காந்துண்டிருக்கு. சனிக்கிழமைக்குள்ள வேற தலைப்பு பார்த்துக்கோ.”

மூன்று வருஷ உழைப்பு. அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

4

லோட்ஷெடிங் என்ற மின்வெட்டு வந்தால் ஃபேன், ட்யூப்லைட்டின் மின் இரைச்சல் இருக்காது; அப்போதும் வெடித்தால் அது வலிப்புதான். அதைக் கேட்கப் பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிஃபயரும் டிரான்சிஸ்டர் ரேடியோவின் காதுமாட்டியும் போதும். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை பார்த்துக் கல்கத்தாவில் கரண்ட் போகவே இல்லை. சீவல் சாயங்காலம்வரை தாங்காது.

(இங்கே கரண்டை நானே போக்கியிருக்கலாம். எனக்கு ஒரு வரி வேலை. அவள் எனக்காகக் காத்திருக்கவில்லை.)

நேரே மாடிப்படிக்கு அடியில் போய், மாடி முழுவதற்குமான மெயினை இறக்கினாள். திரும்பி வந்து மருந்தை விட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு காதில் படபடவென்று ஒரு வெடிப்பு. மௌனம். மறுபடி வெடிப்பு. ஃபேன் நின்றிருந்தது, சீவல் நிற்கவில்லை.

தாழ்வாரத்தில் ரங்கராஜனின் செருப்புச் சத்தம் கேட்டது.

“லோட்ஷெடிங்காம்மா?”

“இல்லை சார். நான்தான் மெயினை இறக்கினேன்.”

“என் பரிசோதனை பாதியில நிக்கறது, தெரியுமோ?”

“தெரியும் சார். இதைக் கேட்டுட்டுத் திட்டுங்கோ.”

காதுமாட்டியை நீட்டினாள்.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவர் வாங்கிக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, தலைப்பு அதுவே இருக்கட்டும் என்கிறார். மற்றதில் மெயினைப் போடப் போய்விடுகிறார். இரண்டையும் கிழித்துவிட்டேன். அவர் யோசித்துக்கொண்டு நிற்கட்டும். வசுமதி நீட்டிய கையை இறக்கப்போவதில்லை. காதுமாட்டி உங்களுக்கும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. சீக்கிரம் வாங்கிக்கொள்ளுங்கள், சீவலுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் உயிர்.