டிப்போவுக்கு ஏது புரட்டாசி

ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவுக்குப் பின்தெருவில், ராஜகுமாரி வீட்டுக்கு ஆவணிக் கடைசியில் ஒரு நாய்க்குட்டி வந்தது. வந்தது என்ன வந்தது, டிப்போ சுவரோரம் மழையில் நனைந்து கிடந்ததை அவள் புருஷன் சுப்பராயன் சட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்தார். அதனால் பேரும் டிப்போதான். வந்த மூன்றாம் நாளே அந்தப் பொல்லாத பயல் கேட் சந்தில் நுழைந்து தெருவுக்கு ஓடினான். திரும்பிய பஸ்ஸின் சக்கரத்துக்கும் அவனுக்கும் நாலு விரல்கடைதான் இடைவெளி. ராஜகுமாரிக்கு அன்றைக்குச் சோறே இறங்கவில்லை.

"கூப்பிட்டா திரும்பி வரணும்மா. மத்ததெல்லாம் அப்புறம் கத்துக்கலாம்," என்றார் நாய் டாக்டர். "எந்தத் தீனின்னா உசுரை விடுறான்னு கண்டுபிடிங்க. ‘வா’ன்னு கூப்பிடும்போது மட்டும் அதைக் குடுங்க."

சுப்பராயன் கடைக்குப் போய் ஒரு பை நிறைய அள்ளி வந்தார். எலும்பு மாதிரி பிஸ்கட், பால் குச்சி, என்னென்னவோ. டிப்போ மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். சோறும் முட்டையும் தட்டில் வைத்தால் தின்பான், கூப்பிட்டால் வரமாட்டான். கடைசியில் பக்கத்து வீட்டு ஷம்ஷாத் சொன்னதுதான் பலித்தது. உப்பு காரம் இல்லாமல் வேகவைத்த கோழி ஈரல், சுண்டுவிரல் நகம் அளவு. "டிப்போ, வா!" என்றால் போதும், மொட்டை மாடியிலிருந்து விழுந்தடித்துக்கொண்டு ஓடிவருவான். ராஜகுமாரிக்குப் பெருமை பிடிபடவில்லை.

அப்புறம் புரட்டாசி பிறந்தது.

அந்த வீட்டில் புரட்டாசி என்றால் புரட்டாசிதான். முட்டைகூட வாசப்படி தாண்டாது. "அவனும் நம்ம ஊட்டு ஆளுதானே, ஒரு மாசம் சுத்தமா இருக்கட்டும்," என்று சைவத் தீனியாகத் தேடிப்பிடித்து வாங்கினாள் ராஜகுமாரி.

"அப்படியே நாமத்தையும் போட்டு உட்டுடு," என்றார் சுப்பராயன்.

"வாயக் கழுவுங்க!"

ஈரலுக்குப் பதில் கேரட், பன்னீர், பொட்டுக்கடலை, தேங்காய்ச் சில்லு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தாள். கையில் கொடுத்தால் மரியாதைக்குத் தின்பான். தள்ளி நின்று ‘வா’ என்றால் செவிடன் மாதிரி உட்கார்ந்திருப்பான். மதில்மேல் எட்டிப் பார்த்து ஷம்ஷாத் சிரித்தாள்.

"அக்கா, நான் வேணா என் ஊட்ல வச்சி ஈரல் குடுக்கட்டா?"

"வேணாம்டி. அதே வாயோட வந்து சாமி ரூம்ல நிப்பான்."

புரட்டாசி முடியும்வரை தன் அடுப்படியிலிருந்து எதையும் இந்தப் பக்கம் நீட்டாதவள் ஷம்ஷாத். யாரும் கேட்டுக்கொண்டதில்லை, அவளாகவே வைத்துக்கொண்ட வழக்கம்.

மூன்றாவது சனிக்கிழமை. படையலுக்கு எல்லாம் தயார். "கோவிந்தா! கோவிந்தா!" என்று வருஷம் தவறாமல் நாமம் போட்ட சொம்போடு அரிசி கேட்டு வரும் துலுக்கானம் வாசலில் நின்றார். குளித்த ஈரத்தலையோடு, இரண்டு கையிலும் அரிசியை அள்ளிக்கொண்டு ராஜகுமாரி முழங்கையால் கேட்டைத் தள்ளினாள். காலிடுக்கில் டிப்போ பாய்ந்துவிட்டான்.

நேராக பஸ் டிப்போ முனைக்கு. பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும் நேரம்.

"டிப்போ, வா! டேய், வாடா!"

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுப்பராயன் துரத்தினார். விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்து அவன் இன்னும் தள்ளி, நடுரோட்டுக்கே போனான். ஒரு பஸ் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனது. ராஜகுமாரி கை அரிசியை அப்படியே கொட்டிவிட்டு ஷம்ஷாத் வீட்டு அடுப்படிக்கு ஓடினாள்.

"ஈரல் எதுனா கீதாடி?"

"பேரனுக்கு வேகுதுக்கா, வெறும் மஞ்சள் போட்டு. இரு, இரு, நீ தொடாத. இன்னிக்கு சனிக்கிழமை. நான் எடுத்துகினு வரேன்."

"என் கொரலுக்குத்தான்டி வருவான்!"

கொதிக்கிற சட்டியில் கையை விட்டு ஒரு துண்டை எடுத்தாள். சுட்டதா என்றுகூடத் தெரியவில்லை. தெருமுனையில் புடவையோடு மண்டியிட்டு, கையை நீட்டிக் கத்தினாள். "டிப்போ, வா!"

அவன் மூக்கைத் தூக்கினான். அடுத்த பஸ் திரும்புவதற்குள் அவள் மடியில் கிடந்தான்.

"படுபாவி, என் உசுர வாங்கிட்டியேடா!" அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருந்தான்.

சுப்பராயன் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "சரி, அழாத. தலைக்கு ஊத்திகினு வா. படையல் போடணும்."

"ஊத்திக்கிறேன். ஆனா ஒண்ணு கேட்டுக்கங்க. வேண்டிக்கினது நானு, விரதம் இருக்கறது நானு. இவன் எந்தப் பெருமாளுக்கு வேண்டிக்கினான்?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஷம்ஷாத்தைப் பார்த்தாள். "நாளையிலேர்ந்து இவனுக்குத் தினம் வேக வச்சி வைடி. நானே வந்து என் கையால குடுத்துட்டு, அப்புறம் குளிச்சிக்கிறேன்."

"தினம் ரெண்டு வாட்டி குளிப்பியாக்கா? ஜலதோசம் புடிச்சிக்கும்."

"மூணு வாட்டி குளிப்பேன்," என்றாள் ராஜகுமாரி.